தொலைஞ்சது ஒரு பட்டம், திரும்பி வந்தது ரெண்டு: மார் ஏர்ல் கேஸ்

ஸ்காட்லாந்துல மார்ங்கிற பேர்ல இன்னைக்கு ரெண்டு ஏர்ல் பட்டம் (பரம்பரைப் பிரபு பட்டம், பொம்பளைன்னா கவுண்டஸ்) இருக்கு. ஒண்ணு ஒரு அம்மாகிட்ட இருக்கு, அவங்க 31-வது கவுண்டஸ் ஆஃப் மார். இன்னொண்ணு ஒரு ஐயாகிட்ட, அவரு 14-வது ஏர்ல் ஆஃப் மார், கூடவே 16-வது ஏர்ல் ஆஃப் கெல்லி. ரெண்டு பேரும் ஒரே குடும்பத்து வழி, சட்டப்படி ரெண்டு பேருமே கரெக்ட். ஆனா 1716-ல அரசாங்கம் புடுங்கினது ஒரே ஒரு பட்டம், 1824-ல திருப்பிக் குடுத்ததும் ஒண்ணே ஒண்ணுதான். பொதுவா இந்தக் கதைய 1715 கலகத்துல ஆரம்பிச்சு 1824-ல சுபம் போட்டுருவாங்க. எனக்கென்னமோ சிக்கலே 1824-லதான் ஸ்டார்ட் ஆகுதுன்னு தோணுது, ஏன்னா திருப்பிக் குடுத்தவங்க எதைத் திருப்பிக் குடுக்குறோம்னு வாயத் திறந்து சொல்லவே இல்ல.

அதைப் புரிஞ்சுக்கணும்னா 1715-க்கும் முன்னாடி போகணும், கொஞ்சம் பொறுமையா வாங்க.

மார்ங்கிறது அபர்டீன்ஷயர் பக்கம் டீ, டான்னு ரெண்டு ஆறு ஓடுற பழைய சீமை. கில்ட்ரம்மி கோட்டைதான் அதுக்குத் தலைமையிடம். ஸ்காட்லாந்தோட ரொம்பப் பழைய ஏர்ல் பட்டங்கள்ல இதுவும் ஒண்ணு, எப்போ யாரு குடுத்தாங்கன்னு காட்ட ஒரு பத்திரமும் கிடையாது, அவ்ளோ பழசு. ஒரு விஷயம் மட்டும் நல்லாத் தெரியும், அது பொம்பளைங்க வழியாவும் இறங்கும். 1374-ல ஏர்ல் தாமஸ் பிள்ளை இல்லாம செத்ததும் அவரோட சகோதரி மார்கரெட்டுக்குப் போச்சு, அவங்களுக்கு அப்புறம் அவங்க மக இஸபெல்லா டக்ளஸுக்குப் போச்சு. இத மனசுல வச்சுக்கோங்க, 500 வருஷம் கழிச்சு லண்டன்ல இதுக்குத்தான் அடிதடி.

இஸபெல்லா கதை தனியா எழுத வேண்டிய கதை. புருஷன் சர் மால்கம் டிரம்மண்ட் 1402 வாக்குல அடைச்சு வைக்கப்பட்டு செத்துப் போறாரு. 1404-ல அலெக்சாண்டர் ஸ்டூவர்ட்னு ஒருத்தன், ராஜாவோட தம்பி பையன், ஆனா முறையாப் பொறக்காதவன், ஆளுங்கள கூட்டிட்டு வந்து கில்ட்ரம்மி கோட்டையப் புடிச்சுட்டு, ஆகஸ்ட் மாசம் இஸபெல்லாகிட்ட ஒரு சார்ட்டர், அதாவது உரிமைப் பத்திரம், எழுதி வாங்குறான், அந்தம்மா அவன்கிட்ட சொல்ற மாதிரி: நான் உன்னைக் கட்டிக்கிறேன், ஏர்ல் பட்டமும் நிலமும் உனக்கும் உன் வாரிசுக்கும். இது செல்லாதுன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கும்போல, அப்புறம் கோட்டை வாசல்ல எல்லாரும் பாக்க சாவியைத் திருப்பி அந்தம்மா கையில குடுத்து, நீயா விருப்பப்பட்டுக் குடு பாக்கலாம்னு ஒரு நாடகம். அவங்களும் குடுத்தாங்க. ஆனா டிசம்பர் மாசம் எழுதின ரெண்டாவது சார்ட்டர்ல ஷரத்து அந்தம்மா பக்கம் மாறிடுச்சு, நமக்குப் பிள்ளை இல்லன்னா பட்டம் என் ரத்த சொந்தத்துக்குத்தான் போகணும், உன் ஆளுங்களுக்கு இல்லன்னு. பிள்ளை இல்ல. இஸபெல்லா 1408-ல இறந்துட்டாங்க, அலெக்சாண்டர் ஹார்லா சண்டையெல்லாம் பாத்துட்டு 1435-ல போய்ச் சேர்ந்தான்.

நியாயமா பாத்தா அப்போ பட்டம் இஸபெல்லாவோட சொந்தமான எர்ஸ்கின் குடும்பத்துக்கு வந்திருக்கணும். அவங்க பழைய ஏர்ல் ஒருத்தரோட மக எலைன் வழி, அதுவும் பொம்பளை வழிதான். ராஜா முதலாம் ஜேம்ஸ் விடல, அலெக்சாண்டர் எனக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாருன்னு மொத்தத்தையும் எடுத்துக்கிட்டாரு. 1438-ல ராபர்ட் எர்ஸ்கினுக்கு வாரிசு சர்டிபிகேட் மாதிரி ஒரு ஜூரி தீர்ப்பு கிடைச்சுது, அவரும் தன்னை ஏர்ல் ஆஃப் மார்னு போட்டுக்கிட்டாரு, ஆனா 1457-ல அபர்டீன்ல இன்னொரு ஜூரிய உக்கார வச்சு, ராஜா ரெண்டாம் ஜேம்ஸே நேர்ல வந்து இருக்க, அந்த உரிமை செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. கேஸ்ல எதிர்க்கட்சி ராஜா, அந்த ராஜா ஜூரி முன்னாடியே உக்காந்திருந்தா தீர்ப்பு எப்படி வரும்னு நான் சொல்லவே வேண்டாம். அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல அரச குடும்பத்துப் பசங்களுக்கு மாத்தி மாத்தி இந்தப் பட்டத்தைக் குடுத்துட்டு இருந்தாங்க.

இது முதல் இழப்பு. மீட்டது ராணி மேரி, 1565-ல.

அந்த வருஷம் ஜூன்ல மேரி ஜான் எர்ஸ்கின் பிரபுவுக்கு ஒரு சார்ட்டர் குடுத்தாங்க, என் முன்னோர்கள் உங்க குடும்பத்தை அநியாயமா ஒதுக்கிட்டாங்க, உரிமையுள்ள வாரிசுக்குத் திருப்பித் தர்றதுதான் மனசாட்சிக்கு சரின்னு சொல்ற தொனியில. ஜூலை 29-ல மேரிக்கும் டார்ன்லிக்கும் கல்யாணம். ஜூன் சார்ட்டருக்கு அப்புறமும் ஜூலைல எர்ஸ்கினை ரெக்கார்டுல எர்ஸ்கின் பிரபுன்னுதான் எழுதியிருக்காங்க, கல்யாணம் முடிஞ்ச கையோட ஆகஸ்ட் ஆரம்பத்துல ஏர்ல் ஆஃப் மார்னு எழுதுறாங்க. இந்த சில வார இடைவெளியத்தான் பின்னாடி 1875-ல கேஸ விசாரிச்ச மூணு லார்டுங்க புடிச்சுத் தொங்கினாங்க. இந்த ஜான் எர்ஸ்கின்தான் குழந்தை ஆறாம் ஜேம்ஸை ஸ்டிர்லிங் கோட்டைல வச்சு வளர்த்தவரு, 1571-ல ராஜா குழந்தையா இருந்ததால அவருக்குப் பதிலா நாட்டை ஆளுற ரீஜென்ட் ஆனவரு, அடுத்த வருஷமே செத்துட்டாரு. 1606-ல ஸ்காட்லாந்து பிரபுக்களோட சீனியாரிட்டிய ஆவணங்களப் பாத்து வரிசைப்படுத்தினப்போ மார் ஏர்லுக்கு 1565-க்கான இடத்தக் குடுக்கல, அதவிட ரொம்பப் பழைய இடத்தக் குடுத்தாங்க. அன்னைக்கு யாருக்கும் இது புதுப் பட்டம்னு தோணவே இல்ல.

ரெண்டாவது இழப்பு: 1715

இனி எல்லாருக்கும் தெரிஞ்ச பகுதி. அந்தக் காலத்து ஏர்ல் ஜான் எர்ஸ்கினுக்கு ஊரு வச்ச பேரு பாபிங் ஜான், காத்தடிக்கிற பக்கம் ஆடுறவருன்னு. 1707-ல ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒண்ணா சேர்ந்த இணைப்புக்கு வேலை செஞ்சவரு, ஸ்காட்லாந்துக்கான செகரட்டரியா இருந்தவரு, 1713-ல அதே இணைப்பைக் கலைக்கணும்னு பேசினவரு. ஆன் ராணி 1714-ல இறந்து ஹனோவர்ல இருந்து முதலாம் ஜார்ஜ் வந்ததும் விசுவாசமா லெட்டர் எழுதினாரு, ஜார்ஜ் கண்டுக்கல, பதவியும் போச்சு. 1715 ஆகஸ்ட் 1-ம் தேதி அரண்மனைல ராஜாவுக்கு வணக்கம் வச்சுட்டு, மறுநாளே மாறுவேஷத்துல நிலக்கரி கப்பல் ஏறி வடக்கே கிளம்பிட்டாரு. பிரேமார்ல வேட்டைக்குன்னு சொல்லி பெரிய தலைங்களக் கூப்பிட்டு, செப்டம்பர் 6-ம் தேதி சிம்மாசனம் எனக்குத்தான்னு கேட்டுட்டு இருந்த ஸ்டூவர்ட் வம்சத்து ஜேம்ஸுக்காகக் கொடி ஏத்தினாரு.

கலகம்னு பாத்தா மகா சொதப்பல். நவம்பர் 13 ஷெரிஃப்மியூர்ல ஆர்கைல் ட்யூக்கோட படையவிட ரெண்டு மடங்குக்கு மேல ஆள் வச்சுக்கிட்டும் ஜெயிக்க முடியல, தோத்தாருன்னும் சொல்ல முடியாது, ஆனா தெக்குப் பக்கம் இறங்கவும் முடியல. டிசம்பர்ல ஜேம்ஸ் பீட்டர்ஹெட்ல வந்து இறங்கினப்போ ஆட்டம் முடிஞ்சுருச்சு, 1716 பிப்ரவரி 4-ம் தேதி ரெண்டு பேரும் மான்ட்ரோஸ்ல கப்பல் ஏறி பிரான்ஸுக்கு ஓடிட்டாங்க, படைய அப்படியே அம்போன்னு விட்டுட்டு. அதே மாசம் பார்லிமென்ட் மார் மேல அட்டெய்ண்டர் சட்டம் போட்டுச்சு. கோர்ட்ல விசாரணையே இல்லாம, சட்டம் போட்டே ஒருத்தர ராஜதுரோகின்னு அறிவிக்கிறதுதான் அட்டெய்ண்டர். தலை போகும், நிலம் போகும், பட்டம் போகும், அதுக்கும் மேல அந்த ஆளோட ரத்தமே கெட்டுப் போச்சுன்னு கணக்கு, அதாவது மகனோ பேரனோ அவரு வழியா எதையும் வாரிசா கேக்கவே முடியாது. மார் வெளிநாட்டுல ஜாகோபைட்டுங்களுக்கு (ஸ்டூவர்ட் வம்சத்து ஆதரவாளருங்க) வேலை பாத்து, நடுவுல லண்டன்கிட்டயும் காசு வாங்கி, ரெண்டு பக்கமும் பேரக் கெடுத்துக்கிட்டு 1732-ல ஆக்ஸ்-லா-ஷபெல்ல செத்தாரு. கட்டடக்கலைல நல்ல ஈடுபாடு உள்ளவரு, கடைசி வரைக்கும் அலோவாவுல இருந்த குடும்ப வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பிளான் போட்டுட்டே இருந்திருக்காரு, அவரால திரும்பிப் போகவே முடியாத வீடு அது.

நிலத்தக் காப்பாத்தினது அவரு தம்பி ஜேம்ஸ் எர்ஸ்கின், கோர்ட்ல ஜட்ஜ், லார்ட் கிரேஞ்ச்னு பேரு. பறிமுதல் பண்ண சொத்த அரசாங்கம் வித்தப்போ 1724-ல இவரும் லார்ட் டன்னும் சேர்ந்து வாங்கி, பிரேமார் பக்கத்து நிலத்த டஃப் குடும்பத்துக்கு வித்து, அலோவாவ மட்டும் புடிச்சு வச்சுக்கிட்டாங்க. நல்ல தம்பின்னு பாராட்ட நினைச்சா, இதே மனுஷன்தான் 1732-ல சொந்தப் பொண்டாட்டிய எடின்பர்க் வீட்டுல இருந்து ஆளுங்கள வச்சுத் தூக்கி, மேற்குத் தீவுங்களுக்கு அனுப்பி, செயின்ட் கில்டாவுல வருஷக்கணக்கா அடைச்சு வச்சவன். அந்தம்மா இவங்களோட ஜாகோபைட் சகவாசத்த வெளிய சொல்லிடுவேன்னு மிரட்டினதா சொல்லுவாங்க. அதுக்கு மேல பாராட்ட மனசு வரல.

இங்கதான் ஒரு கல்யாணத்தக் கவனிக்கணும். மாரோட மகன் தாமஸ் பிள்ளை இல்லாம 1766-ல இறந்துட்டாரு. மக ஃப்ரான்ஸஸ் கட்டிக்கிட்டது லார்ட் கிரேஞ்சோட மகன் ஜேம்ஸை, அதாவது சொந்தச் சித்தப்பா பையன. அவங்க மகன் ஜான் ஃப்ரான்சிஸ் எர்ஸ்கின், பொறந்தது 1741. அம்மா வழில அவரு துரோகி ஏர்லோட நேரடிப் பேரன், அப்பா வழில அதே ஏர்லோட தம்பி பேரன். பொம்பளை வழி வாரிசும் அவருதான், ஆம்பளை வழி வாரிசும் அவருதான்.

1824: எதைக் குடுத்தாங்க?

ஸ்டூவர்ட் வம்சத்துல கடைசியா உரிமை கேக்க இருந்த கார்டினல் ஹென்றியும் 1807-ல போயாச்சு, ஜாகோபைட்னா இனிமே பயம் இல்ல, பாட்டும் கதையும்தான் மிச்சம். 1822-ல நாலாம் ஜார்ஜ் எடின்பர்க் வந்தாரு, வால்டர் ஸ்காட் போட்ட ஏற்பாடு, ராஜா கில்ட் கட்டிக்கிட்டு நின்னாரு. அந்த சமாதான மூட்ல 1824-ல பார்லிமென்ட் மார், கென்மியூர், ஸ்ட்ராதாலன், நேர்ன்னு பல ஜாகோபைட் குடும்பப் பட்டங்களத் திருப்பிக் குடுத்துச்சு. ஜான் ஃப்ரான்சிஸுக்கு அப்போ 80 தாண்டிடுச்சு, அடுத்த வருஷமே காலமாயிட்டாரு. சட்டத்துல அவர துரோகி ஏர்லோட பேரன், நேர் வழிப் பிரதிநிதின்னு சொல்லி, பழைய மரியாதை எல்லாத்தையும் திரும்பக் குடுத்தாங்க. பேரன்னா அம்மா வழியாத்தான். ஆனா அவரே ஆம்பளை வழி வாரிசாவும் இருந்ததால, இந்தப் பட்டம் பொம்பளைங்களுக்கு இறங்குமா இறங்காதா, இது 1565-ல மேரி குடுத்ததா இல்ல இஸபெல்லா காலத்துலயும் இருந்த பழசான்னு கேக்க அன்னைக்கு ஒருத்தருக்கும் அவசியம் வரல. ரெண்டு வழியும் ஒரே ஆளுகிட்ட முட்டி நின்னுச்சு, பார்லிமென்ட் கையெழுத்துப் போட்டு அனுப்பிருச்சு.

அவரோட பேரன் இன்னொரு ஜான் ஃப்ரான்சிஸ், இவருக்கு 1835-ல கெல்லி ஏர்ல் பட்டமும் சேர்ந்துச்சு. அது தனி எர்ஸ்கின் கிளை, கண்டிப்பா ஆம்பளை வழி மட்டும். 1866-ல இவரு பிள்ளை இல்லாம இறந்ததும் ரெண்டு வழியும் பிரிஞ்சுது. சகோதரி லேடி ஃப்ரான்ஸஸ், குட்ஈவ்ங்கிற டாக்டரக் கட்டினவங்க, அவங்க பையன் ஜான் குட்ஈவ் பேரோட எர்ஸ்கின்ன சேத்துக்கிட்டு நான்தான் ஏர்ல் ஆஃப் மார்னாரு. கெல்லி பட்டமும் அலோவா சொத்தும் ஆம்பளை வழி கசின் வால்டர் கானிங்ஸ்பி எர்ஸ்கினுக்குப் போச்சு, இவரு 1857 கலகத்தப்போ நம்ம ஜபல்பூர்ல கமிஷனரா இருந்தவரு. முதல்ல குட்ஈவ்-எர்ஸ்கின ஊரே மார் ஏர்லா ஏத்துக்கிச்சு. அப்புறம்தான் கெல்லி ஏர்லான வால்டர், மார் பட்டமும் எனக்குத்தான்னு 1867-ல மனு போட்டாரு. நிலம் ஏற்கனவே அவருகிட்ட, சண்டை முழுக்க பேருக்குத்தான். 1872-ல அவரு செத்ததும் மகன் கேஸைத் தொடர்ந்தாரு.

1875 தீர்ப்பு

கேஸ பார்லிமென்ட் மேல்சபையான ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸோட பிரிவிலேஜஸ் கமிட்டி கேட்டுச்சு. முக்கியமா பேசினது மூணு பேரு: லார்ட் சான்சலர் கெய்ர்ன்ஸ், செம்ஸ்ஃபோர்ட், ரெட்ஸ்டேல். கடைசி ஆளு ஜட்ஜே கிடையாது, சபையோட கமிட்டி சேர்மன். 1875 பிப்ரவரியில கெல்லி பக்கம் தீர்ப்பு சொல்லிட்டாங்க.

அவங்க வாதம் இப்படிப் போகுது. 1435-க்கு அப்புறம் பழைய மார் பட்டம் எர்ஸ்கின் கையில இல்ல, 1457 தீர்ப்போட அது செத்துப்போச்சு, 130 வருஷம் ராஜாகிட்டயே இருந்தது. 1565 ஜூன் சார்ட்டர் நிலத்தத்தான் குடுத்துச்சு, பட்டத்தக் குடுக்கல. ஆதாரம்? அதுக்கப்புறமும் ஜூலைல அவரு எர்ஸ்கின் பிரபுதானே. அப்போ ஆகஸ்ட்ல திடீர்னு ஏர்ல் ஆனது எப்படின்னா, கல்யாணத்த ஒட்டி மேரி புதுசா ஒரு பட்டம் உண்டாக்கியிருக்கணும். அதுக்குப் பத்திரம் இருக்கா? இல்ல. பத்திரம் இல்லாத ஸ்காட்டிஷ் பட்டம்னா ஆம்பளை வாரிசுக்கு மட்டும்தான்னு எடுத்துக்கணும்னு 18-ம் நூற்றாண்டுல மான்ஸ்ஃபீல்ட் பிரபு வகுத்த விதி இருக்கு. ஆகவே 1716-ல போனதும் 1824-ல வந்ததும் இந்த 1565 பட்டம்தான், அது கெல்லிக்கு.

வக்கீல்தனமா பாத்தா ஒவ்வொரு படியும் முந்தின படி மேல ஒழுங்கா நிக்குது. மொத்தமா பாத்தா, பாத்தவங்க யாரும் இல்லாத, எழுதி வச்ச காகிதமும் இல்லாத ஒரு பட்டமளிப்பை நடந்துச்சுன்னு வச்சுக்கிட்டு, அது காகிதமே இல்லாததால ஆம்பளைக்கு மட்டும்னு சொல்லிட்டாங்க. காகிதமா கையில இருக்குற ஜூன் சார்ட்டர், அநியாயத்த சரி பண்றேன்னு சொல்ற சார்ட்டர், அதை வெறும் நிலப் பத்திரம்னு ஒதுக்கிட்டாங்க. ஒருத்தரு பேரு ஆவணத்துல மாறுறதுக்கு சில வாரம் ஆச்சுங்கிறதுக்காக புதுப் பட்டம் பொறந்துச்சுன்னு சொல்றது எனக்கு ஜீரணம் ஆகல. 1606 சீனியாரிட்டி வரிசை இதுக்கு நேர் எதிரா நிக்குது. ஒண்ணு ஒத்துக்கணும், கெல்லி பக்கத்துக்கும் வலு இல்லாம இல்ல, 130 வருஷம் ராஜாங்க தங்களோட புள்ளைங்களுக்குக் குடுத்த பட்டம் அப்படியே உயிரோட தூங்கிட்டு இருந்துச்சுன்னு சொல்றதும் லேசு இல்ல. ஆனா 1457-ல நடந்தத செல்லுபடியாகுற நீதின்னு எடுத்துக்கிட்டாத்தான் அந்த வாதமே நிக்கும்.

தீர்ப்போட கூத்து அடுத்து வந்துச்சு. 1707 ஒப்பந்தப்படி ஸ்காட்டிஷ் பிரபுக்கள் தங்களுக்குள்ள 16 பேரத் தேர்ந்தெடுத்து லார்ட்ஸுக்கு அனுப்புவாங்க, எடின்பர்க் ஹோலிரூட் அரண்மனைல தேர்தல், ரோல்ல, அதாவது பிரபுக்கள் பட்டியல்ல, இருக்குற பேர வரிசையா வாசிப்பாங்க, ஆளு ஆஜர் குடுக்கணும். 1875-க்கு அப்புறம் மார்னு கூப்பிட்டா கெல்லியோட ஓட்டத்தான் எடுக்கணும்னு லார்ட்ஸ் ஆர்டர். ரோல்ல மார் இருக்குற இடமோ பழைய பட்டத்தோட சீனியர் இடம். 1565-ல பொறந்த பட்டம்னு இவங்களே சொல்லிட்டு, அதுக்கு முந்தி உண்டான ஏர்ல்களுக்கெல்லாம் மேல போய் உக்கார வச்சுட்டாங்க. ஸ்காட்டிஷ் பிரபுக்கள் பல பேரு கொதிச்சுப் போனாங்க, ஏன்னா நாளைக்கு இதே லாஜிக் அவங்க பட்டத்து மேலயும் பாயும். இந்தத் தீர்ப்பு தப்புன்னு ரெண்டு வால்யூம் புத்தகமே எழுதினாரு கிராஃபோர்ட் ஏர்ல் அலெக்சாண்டர் லிண்ட்சே. அது 1882-ல வெளிவந்துச்சு, ஆனா அவரு 1880-லயே இறந்துட்டாரு. (அவரோட உடம்பையே டன்எக்ட்ல இருந்த கல்லறைல இருந்து யாரோ திருடிட்டுப் போய், 1882-லதான் கண்டுபுடிச்சாங்க. இதுக்கும் கேஸுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல.)

லார்ட்ஸ் தன்னோட தீர்ப்பத் தானே தப்புன்னு சொல்லாது. அதனால 1885-ல வேற வழி கண்டுபுடிச்சாங்க, மார் ஏர்ல்டம் ரெஸ்டிட்யூஷன் சட்டம்னு ஒண்ணு. 1875 தீர்ப்பத் தொடல, கெல்லியோட 1565 மார் பட்டம் அப்படியே இருக்கட்டும். ஆனா பழைய பட்டம் உண்மையிலயே செத்துச்சாங்கிறதுல சந்தேகம் இருக்குங்கிறதால, குட்ஈவ்-எர்ஸ்கினுக்கும் அவரோட வாரிசுங்களுக்கும், பொம்பளை வழி உட்பட, அந்தப் பழைய பட்டத்தத் திருப்பித் தர்றோம்னாங்க. தோத்தவருக்கும் பட்டம், ஜெயிச்சவருக்கும் பட்டம். இத கேலி பண்றவங்க உண்டு, எனக்கு என்னவோ இந்தக் கதைல பார்லிமென்ட் செஞ்ச ஒரே நேர்மையான காரியம் இதுதான்னு படுது: 1824-ல இத யோசிக்கவே இல்ல, 1875-ல அளவுக்கு மீறி யோசிச்சாங்க, 1885-லயாவது எங்களுக்கே டவுட்டா இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க.

குட்ஈவ்-எர்ஸ்கின் 1930 வரைக்கும் இருந்தாரு. பழைய பட்டம் கை மாறி கை மாறி 1975-ல 30-வது ஏர்ல்கிட்ட இருந்து அவரு மக மார்கரெட்டுக்கு இறங்குச்சு, ஆம்பளைக்கு மட்டும்னு லார்ட்ஸ் தீர்ப்பு சொல்லி சரியா நூறு வருஷம். அந்தம்மா அதே லார்ட்ஸ்ல போய் உக்காந்தாங்க. ஆட்டுக்கு அடிக்கிற ஆர்கனோபாஸ்பேட் மருந்து பட்டு உடம்பு கெட்டவங்க, அந்த மருந்துக்கு எதிரா வருஷக்கணக்கா சபைல கத்தினவங்க, ஊர்ல சீஸ் தயாரிப்பும் பண்ணாங்க. 1993-ல கெல்லி பக்கத்து மார் ஏர்லும் பட்டத்துக்கு வந்து அதே சபைல உக்கார, சில வருஷம் ரெண்டு மார்களும் ஒரே கூரைக்குக் கீழ. 1999-ல பரம்பரைப் பிரபுக்கள்ல பெரும்பாலானவங்கள வெளிய அனுப்பினப்போ, நிறுத்தி வச்ச 92 பேருல அந்தம்மாவும் ஒருத்தங்க, அவரு அந்த லிஸ்ட்ல இல்ல. 2000-ல அவருக்கு அலோவா டவர் எர்ஸ்கின் பிரபுன்னு ஆயுள் பட்டம் குடுத்து உள்ள கூட்டிக்கிட்டாங்க, 2017-ல அவரு விலகினாரு, 2020-ல அந்தம்மாவும் ரிட்டயர் ஆயிட்டாங்க.